சாயம் ஏறாத மூன்று சட்டைகள்

போன வாரம் பெரியவளை லாண்டரியின் பின்னறையில், கையில் சூடான இஸ்திரிப் பெட்டியோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். எல் போர்டு மாட்டிய கார் ஒன்று வாசலில் மெதுவாகப் போனதைப் பார்த்து அவள் உறைந்து நின்றாள் அல்லவா? அது யாரோ ஒரு அம்மாள் வண்டி ஓட்டப் பழகிய கார். அவ்வளவுதான். தேய்த்துக்கொண்டிருந்த கால்சட்டை கருகியதுதான் மிச்சம். "அந்தப் பெண்ணை இன்னும் எத்தனை வாரம் பயமுறுத்தப் போகிறீர்கள்?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள். நானா பயமுறுத்துகிறேன்? அது வேற ஆள்.

அந்த ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவளின் கணவர் ஊரின் அந்தக் கோடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எல்லோருக்கும் மாஸ்டர். அவரைவிடப் பொறுமைசாலி கிடையாது என்று அவரிடம் கார் பழகியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். குரலே உயராது. வீட்டிலும் உயராது, கை மட்டும் உயரும். மரியாதைக்காக "அவர்" என்று எழுதுகிறேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அவரிடமிருந்து பெரியவள் தன் எட்டு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்து, தங்கை வீட்டில் இருக்கிறாள். தங்கையும் அவள் கணவரும் லாண்டரி நடத்துகிறார்கள். தங்கை காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலேயே "அவங்க சங்காத்தமே வேண்டாம்" என்று மாஸ்டர் கட்டளை போட்டுவிட்டார். அதனால் அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள், என்ன தொழில் செய்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பெரியவள் பின்னறையில் துணி தேய்க்கிறாள், முன்னால் வருவதே இல்லை.

வக்கீலம்மா ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். "கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் குழந்தை உங்ககிட்டதான் இருக்கணும். அவர் கைக்குப் போயிடுச்சுன்னா, திரும்ப வாங்கறதுக்குள்ள அவ பெரிய மனுஷி ஆயிடுவா."

பெரியவள் தூக்கத்தில்கூட அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரி, இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

*

"வண்ண ஓட்டம்" என்று ஊரெங்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பரிசு கிடையாது, முதலாவது கடைசி கிடையாது. எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டும். வழியில் நான்கு இடங்களில் ஆட்கள் நின்று முதலில் தண்ணீரைப் பீய்ச்சி, பிறகு வண்ணப் பொடியை அள்ளி வீசுவார்கள். மஞ்சள், ரோஸ், பச்சை, நீலம். ஓடி முடிக்கும்போது ஆள் யார், பேய் யார் என்று தெரியாது.

வாலுவின் வகுப்பில் எல்லோரும் போகிறார்கள். வாலு என்பது பெரியவளின் மகள். பிறந்தபோது வைத்த பட்டப்பெயர். இப்போது அவளிடம் வாலும் இல்லை, சேட்டையும் இல்லை. வீட்டில் எதையுமே கேட்க மாட்டாள். அந்தப் போஸ்டரைப் பற்றிக்கூட அவள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான்.

"போகணுமாடி உனக்கு?" என்று கேட்டாள் பெரியவள்.

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா."

எட்டு வயதுக் குழந்தை பேசுகிற பேச்சா அது?

யோசனை சொன்னவள் சின்னவள்தான். அதாவது தங்கை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி.

"அக்கா, ஊர்லயே நீ பத்திரமா வெளிய வரக்கூடிய இடம் இது ஒண்ணுதான். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே கருப்புக் கண்ணாடி. முதல் பொடி விழுந்ததும் பெத்த தாய்க்கே புள்ளையை அடையாளம் தெரியாது. உன் வீட்டுக்காரர் எதிர்ல வந்தாக்கூட 'தள்ளுங்க சார்'னு சொல்லிட்டு ஓடலாம்."

"சும்மா இரு. அவர் பேச்சை எடுக்காதே."

"சரி, எடுக்கலை. வர்றியா, இல்லையா?"

லாண்டரிக்காரர், அதாவது சின்னவளின் கணவர், கவுண்டரில் இருந்தபடியே சொன்னார்: "போய்ட்டு வாங்கக்கா. நான் முடியற இடத்துல வேனோட நிக்கறேன். துண்டு எடுத்துட்டு வர்றேன். அப்படியே வண்டில ஏறி வீட்டுக்கு வந்துடலாம். நான் இருக்கேன்ல?"

நல்ல மனுஷர். பெரியவள் வந்த நாளிலிருந்து ஒரு முகச்சுளிப்பு கிடையாது. "நான் இருக்கேன்ல" என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவள் தலையாட்டினாள்.

*

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. மேடை போட்டு, பெரிய திரை கட்டி, ஒரு மைக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தாத்தா முதல் பால் பாட்டில் வரை எல்லோரும் வெள்ளை. ஒருவர் தன் நாய்க்கும் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார். நாய்க்கு அதில் இஷ்டமில்லை என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாலுவின் கையை அவள் பிடித்த பிடியில் குழந்தையின் விரல் நுனி வெளுத்துவிட்டது. கூட்டத்தில் உயரமாக யாராவது திரும்பினால் அவளுக்கு மூச்சு நின்றது. அந்த முதுகு மாஸ்டருடையதா? இல்லை. இந்தக் கழுத்து? இல்லை. மாஸ்டர் நடக்கும்போது இடது கையைப் பையில் வைத்துக்கொள்வார். பையில் கை வைத்த ஆண்பிள்ளைகள் உலகத்தில் இத்தனை பேரா என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, மூச்சு விடு," என்றாள் சின்னவள்.

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"எனக்குக் கேக்கலையே."

சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஓடுகிறவர்கள், வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள். ஆரஞ்சு மேலங்கி போட்ட தொண்டர்கள் நடுநடுவே. விசில் அடித்ததும் கூட்டம் ஒரு பெரிய முனகலோடு நகர ஆரம்பித்தது. ஓட்டம் என்றா சொன்னேன்? முதல் பத்து நிமிஷம் வெறும் தள்ளுமுள்ளுதான்.

வாலு அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். "ஓடலாமாம்மா?"

அவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள். பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஓடு" என்றாள். மூன்று பேரும் ஓடினார்கள்.

*

முதலில் மஞ்சள்.

இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சினார்கள். பிறகு பொடி. கண்ணை இறுக மூடிக்கொண்டு புகுந்து வெளியே வந்தபோது, முன்னால் ஓடியவர் மஞ்சள், பின்னால் வந்தவர் மஞ்சள், பக்கத்தில் நாய் மஞ்சள்.

"அம்மா, தண்ணி உருண்டு ஓடுது பாரேன்!" என்று வாலு தன் சட்டையைக் காட்டினாள்.

அவள் முகம் மஞ்சள். தலைமுடி மஞ்சள். சட்டை மட்டும் வெள்ளை. தண்ணீர் முத்து முத்தாய்த் திரண்டு, ஒட்டியிருந்த பொடியையும் வழித்துக்கொண்டு கீழே இறங்கியது. கடைசி முத்து விழுந்ததும் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த மாதிரி பளபளவென்று இருந்தது சட்டை.

பெரியவள் தன் சட்டையைப் பார்த்தாள். தங்கையின் சட்டையைப் பார்த்தாள். வெள்ளையோ வெள்ளை.

சின்னவள் முகம் வெளிறியது மஞ்சளையும் மீறித் தெரிந்தது. "ஐயோ, மருந்து" என்றாள் மெல்ல.

"என்ன மருந்து?"

"கறை ஒட்டாம இருக்க முக்குவோமே, அந்த மருந்துக்கா. சோபா உறைக்கெல்லாம் போடுவோம்ல. நேத்து சட்டைங்களைத் தேய்க்கணும்னு அவர் எடுத்துட்டுப் போனார். வெள்ளைத் துணியைக் கண்டா அவருக்குக் கை சும்மா இருக்காது. முக்கி எடுத்துட்டார் போல."

"பொடி பூசிக்கிறதுக்குன்னே வாங்கின சட்டையையா?"

"பழக்க தோஷம்க்கா. எங்க கல்யாணத்தன்னிக்கு மாலையில ஈரம் பட்டுச்சுன்னு என் புடவையைத் துடைச்சுக்கிட்டே தாலி கட்டினவரு அவரு."

வேறொரு நாளாக இருந்தால் பெரியவளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். லாண்டரிக் குடும்பத்தைத் தவிர வேறு யார் வீட்டில் இந்தக் கூத்து நடக்கும்? இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலளவு மஞ்சளுக்கு நடுவே மூன்றே மூன்று வெள்ளை. மறைந்துகொள்ள வந்த இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"கழட்டிடலாமா?" என்றாள் சின்னவள்.

"நடு ரோட்லயா?"

"திருப்பிப் போட்டுக்கலாம்."

"முக்கினது ரெண்டு பக்கமும்தானே முக்கியிருப்பார்?"

சின்னவள் பக்கத்தில் ஓடிய ஒரு குண்டு மனிதரின் முதுகில் தன் தோளைத் தேய்த்துப் பார்த்தாள். அவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, கால் தடுக்கிடுச்சு" என்றாள். சட்டையில் ஒரு துளி மஞ்சள்கூட ஒட்டவில்லை.

பெரியவள் கயிற்றைப் பார்த்தாள். வெளியே போய்விடலாமா? கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்கள் சாதாரண உடையில், சாதாரண முகத்தோடு நின்றார்கள். மாஸ்டர் வந்திருந்தால் அங்கேதான் நிற்பார். அவர் பொடியில் இறங்குகிற ஆள் இல்லை. சட்டைக் கையில் ஒரு புள்ளி பட்டாலும் பொறுக்காதவர்.

"உள்ளயே இருப்போம். நடுவுல ஓடுவோம். நிக்க வேணாம்" என்றாள்.

*

ரோஸ் நிறத்துக்கு வந்தபோது எல்லோரும் அவர்களைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏய், வெள்ளைச் சட்டை! இவங்களுக்கு ஒண்ணுமே படலைடா" என்று பொடி வீசுகிற பையன்கள் கூப்பாடு போட்டு, தனியாக இவர்களுக்கென்று வாளியோடு கவிழ்த்தார்கள். கவிழ்த்தது அத்தனையும் வழிந்து தார்ச் சாலையில் விழுந்தது. பையன்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு வாளி.

போதாத குறைக்கு, மேடையை விட்டுத் திறந்த ஜீப்பில் கூடவே வந்த மைக்காரன் பார்த்துவிட்டான்.

"நம்ம ஓட்டத்துல மூணு அதிசயப் பிறவிகள்! எவ்வளவு ஊத்தினாலும் சாயம் ஏறாத குடும்பம்! கேமரா, அந்தப் பக்கம் திரும்பு. ஆங், அதோ, ரெண்டு பெரியவங்க, ஒரு குட்டிப் பொண்ணு!"

சாலையோரத் திரையில் மூன்று வெள்ளைச் சட்டைகள் ஒரு வீட்டு உயரத்துக்குத் தெரிந்தன. நடுவில் வாலு. அவள் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு முதலில் கையசைத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கை தானாகக் கீழே இறங்கியது.

"அவர் இங்க இருக்காராம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு."

"இருந்தா?"

பெரியவள் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்படி ஓடியதில்லை. மூச்சு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. மைக்காரன் குரல் விடாமல் பின்னால் வந்தது. "வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டை" என்று கூட்டமே கத்த ஆரம்பித்தது. அன்போடுதான் கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எதிரே பச்சை.

ஊதல் இயந்திரம் வைத்திருந்தார்கள் அங்கே. பச்சைப் பொடி மேகமாய்க் கிளம்பி, எதிரே இருப்பது சுவரா ஆளா என்று தெரியாமல் ஆக்கிவிட்டது. யாரோ பெரியவளின் தோளில் மோதினார்கள். அவள் முழங்கால் தரையில் பட்டது. எழுந்தபோது கை காலியாக இருந்தது.

குழந்தை இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரும் முன்பே வாயைப் பொத்திக்கொண்டாள். பெயரைக் கேட்டு முதலில் திரும்புகிறவர் வேறு யாராவதாக இருந்தால்? பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் அந்தப் பச்சை மேகத்துக்குள் அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். கையில் தட்டுப்பட்ட தோளையெல்லாம் பிடித்துத் திருப்பினாள். எல்லாம் வேறு பிள்ளைகள். "பார்த்து வாங்க ஆன்ட்டி" என்றது ஒன்று.

புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

கயிற்றோரம் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை தெரிந்தது. பச்சைக்கு நடுவே எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும். அதன் தோளின் மேல் ஒரு ஆண்பிள்ளையின் கை இருந்தது. சுத்தமான கை. முழுக்கைச் சட்டை. நீல நிறத்தில் மெல்லிய கோடு. மணிக்கட்டு வரைக்கும் கத்திமுனை மடிப்பு.

மாஸ்டர் இன்னொரு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தார், குழந்தை வெளியே வருவதற்கு வசதியாக.

*

பெரியவளுக்குக் கால் ஓடவில்லை. கனவில் ஓடுவோமே, அந்த மாதிரி இழுத்து இழுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் ஆரஞ்சு மேலங்கி ஒன்று அங்கே போய்விட்டது. கழுத்தில் விசில் தொங்கிய ஒரு பி.டி. டீச்சர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய கண் அந்தம்மாவுக்கு.

"சார், ஒரு நிமிஷம். பாப்பாவை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"என் பொண்ணு" என்றார் மாஸ்டர். சிரித்த முகம். "கூட்டத்துல பயந்துட்டா. அதான்."

"அப்படியா பாப்பா? இது யாரு, அப்பாவா?"

வாலு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குரல் நடுங்கவில்லை.

"எனக்குத் தெரியாது டீச்சர். இவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. குழந்தையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு விசிலை வாயில் வைத்தார். சுற்றிலும் நின்றவர்கள் திரும்பினார்கள். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கினார்கள். "யாருய்யா நீ?" என்று ஒருவர் மாஸ்டரின் தோளைப் பிடித்தார். அந்தக் குண்டு மனிதர்தான். மாஸ்டருடைய சிரிப்பு முதல் முறையாகக் கொஞ்சம் கலைந்தது.

பெரியவள் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

அவள் சும்மா நின்றிருந்தால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அந்தக் கூட்டம் மாஸ்டரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அங்கேயே துவைத்துக் காயப்போட்டிருக்கும். எழுதுகிற எனக்கே அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அவளால் முடியவில்லை. வாலுவின் அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா "கன்னத்துல என்ன காயம்?" என்று கேட்டபோதெல்லாம் "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்று இவளே வருஷக்கணக்காகச் சொன்னாளே, அந்தக் குரல். ஏற்றம் இறக்கம் இல்லாத, யாரும் மேற்கொண்டு கேட்க முடியாத குரல். பயந்து பயந்து பழகினால்தான் அது வரும். குழந்தைக்கு எட்டு வயதில் வந்துவிட்டது.

"டீச்சர்" என்றாள் பெரியவள். "நான் அவ அம்மா. அவர் அவளோட அப்பாதான்."

வாலு திரும்பி அம்மாவை வெறித்துப் பார்த்தாள்.

"அவர்தான் என் வீட்டுக்காரர். அவர் அடி தாங்க முடியாம நான் இவளைக் கூட்டிட்டு வந்துட்டேன். கோர்ட்ல கேஸ் நடக்குது. இவளை அவரோட அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை."

இத்தனை பேருக்கு முன்னால், இத்தனை செல்போன்களுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அம்மாவிடம் சொல்லாதது, பக்கத்து வீட்டில் சொல்லாதது. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பயம் அப்படியே இருந்தது, பயத்தோடுதான் சொன்னாள்.

மாஸ்டரின் தோளைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது. குடும்ப விவகாரம் என்றதும் பாதிக் கூட்டம் காலால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. "அப்பாதானேப்பா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் மட்டும் அசையவில்லை. வாலுவின் மணிக்கட்டில் மைதானத்தில் கட்டிவிட்ட காகிதப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெரியவளின் மார்பில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நம்பர். யார் கூட வந்தாங்களோ அவங்க கூடத்தான் பிள்ளையை அனுப்புவோம். உங்ககிட்ட நம்பர் இருக்கா சார்?"

"நான் அப்பாம்மா."

"இருக்கலாம் சார். நம்பர் இருக்கா?"

மாஸ்டர் சண்டை போடுகிற ஆள் இல்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் ஒருநாளும் எதுவும் செய்ததில்லை. கயிற்றைக் கீழே விட்டார். சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். பெரியவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிற அதே பொறுமையோடு பேசினார்.

"இவ்வளவு சிரமம் எதுக்கு? நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கை மடிப்பைப் பாரு. யார் தேய்ச்சதுன்னு தெரியுதா?"

அவள் பார்த்தாள். தையலை உள்பக்கம் தள்ளி, பித்தானுக்குக் கீழே ஒரு சின்னக் குறுக்கு மடிப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் கைக்கு வந்த மடிப்பு. இந்த வாரம் தேய்த்த நீலக் கோடு போட்ட சட்டை. பின்னறையில், சீட்டு எண்ணை மட்டும் பார்த்து, யாருடையது என்று தெரியாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

"ஒரு மாசமா என் புதுச் சட்டையையெல்லாம் நீதான் தேய்க்கறே. ஒவ்வொரு தடவையும் நானேதான் நேர்ல வந்து குடுத்தேன். உன் தங்கச்சி வீட்டுக்காரர் நல்ல மனுஷன். போன தடவை டீ வாங்கிக் குடுத்தார்."

இடது கையைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

*

வாலு அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாதுன்னே விட்டிருந்தா போலீஸ் வந்து புடிச்சுட்டுப் போயிருக்கும். ஏம்மா கெடுத்தே?"

பெரியவள் சாலையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, பச்சை அப்பிய அந்த முகத்தைக் கையில் ஏந்தினாள். "உனக்குப் பொய் சொல்ல அவ்வளவு நல்லா வருதேடி. அதைப் பார்த்துதான் பயந்துட்டேன். அவரைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பயப்படலை."

வாலுவின் உதடு பிதுங்கியது. பிறகு அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக, எட்டு வயதுக் குழந்தை அழுகிற மாதிரி அழுதாள்.

சின்னவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "எங்கக்கா போயிட்டீங்க? அந்தப் பக்கமெல்லாம் தேடிட்டேன். ஏன் இவ அழறா? என்ன ஆச்சு?"

"கவுண்டர்ல துணி வாங்கறது எப்பவும் உன் வீட்டுக்காரர்தானே?"

"ஆமா. ஏன்?"

பெரியவள் சொன்னாள். சட்டையைச் சொன்னாள், ஒரு மாசத்தைச் சொன்னாள், டீயைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு எப்படிக்கா தெரியும்? உன் வீட்டுக்காரரை அவர் பார்த்ததே இல்லையே. யாரோ கஸ்டமர்னு நினைச்சு வாங்கியிருப்பார். அவர் எல்லாருக்கும்தான் டீ வாங்கிக் குடுப்பார், அது ஒரு..." என்று ஆரம்பித்த சின்னவள் நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

வக்கீலம்மா சொன்னதன் பேரில் மாஸ்டருடைய போட்டோவைக் கவுண்டரின் உள்பக்கம், கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே ஒட்டியவள் அவள்தான். தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் கணவர் கடை திறக்கிறார். "இந்த மூஞ்சி வரட்டும், பார்த்துக்கறேன்" என்று அதற்கு முன்னால் நின்று சொன்னதும் அவர்தான். இந்த மூன்று சட்டைகளையும் மருந்தில் முக்கியதும் அவர்தான்.

தூரத்தில் ஓட்டம் முடிகிற இடம் தெரிந்தது. பலூன் வளைவுக்குக் கீழே லாண்டரி வேன் நின்றிருந்தது. கையில் மூன்று துண்டுகளோடு அவர் இவர்களைப் பார்த்துவிட்டார். குதித்துக் குதித்துக் கையசைத்தார். அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியுமா என்று சின்னவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாலி கட்டினவர் மேல் சந்தேகம்.

பெரியவள் வாலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"வேனுக்குப் போக வேணாம்க்கா" என்றாள் சின்னவள். குரல் அவளுடையதாகவே இல்லை. "வக்கீலம்மா வீட்டுக்குப் போயிடலாம். இப்பவே."

"நீயும் வர்றியா?"

சின்னவள் இன்னொரு தடவை பலூன் வளைவின் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார். அவள் பதிலுக்குக் கையசைக்கவில்லை. கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். அக்காவையும் குழந்தையையும் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, பின்னாலேயே அவளும் போனாள்.